பதினேழாம் எண் பால்

பாலில் தண்ணீர் கலக்காத ஒரு பெண்ணைத் தண்ணீர் கலந்தவள் என்று எழுதினேன். கரும்பலகையில், இருபது பேர் பார்க்க, என் கையால் எழுதினேன். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. பால் வேதியியல் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரிசோதனைக் கூடத்தில் நின்றவன். அதனால் அனுபவம் போதவில்லை என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

பால் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். உங்களில் ஒருவர், "சார், உங்க சாதனையிலிருந்து ஆரம்பிங்க" என்றார். சாதனைகளுக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். அவை அலமாரியில் இருக்கின்றன, வந்து பார்த்துக்கொள்ளலாம். இதை எழுத வேண்டாம் என்று பழைய சகாக்கள் இருவர் தடுத்தார்கள். நம் தொழிலின் பெயர் கெட்டுவிடுமாம். கெடட்டும். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தபோது இந்தத் தொழிலில் ஒருவரும் பதறவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. பழைய வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று அவிநாசியில் வீட்டோடு இருந்தேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்துவந்த ஒருவர் தேடி வந்தார். அவரிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் விருந்தில் ஆட்டுப்பால் சீஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். இவர் ஊர் திரும்பியதும் ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் ஷெட் போட்டு, எவர்சில்வர் தொட்டிகள் இறக்கி, சீஸ் போடத் தெரிந்த ஒருவரையும் பிடித்துவிட்டார். பாலின் தரத்தைப் பார்க்க ஆள் வேண்டும். அது நான்.

முதல் நாளே முதலாளி என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க சார், நம்ம துணியில ஜிஎஸ்எம்னு ஒண்ணு பாக்கறோமில்லீங்க? ஒரு சதுர மீட்டர் துணி இத்தன கிராம் நிக்கோணும். கொறஞ்சா எவனோ நூலத் திங்கறான்னு அர்த்தம். பாலுக்கும் அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்கிறது. கொழுப்பு போக மீதி திடப்பொருள் எவ்வளவு என்று பார்ப்போம். லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டால் தெரியும். அது ஆழமாக இறங்கி டிகிரி குறைந்தால் பால் நீர்த்திருக்கிறது என்று பொருள்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"கிட்டத்தட்ட" என்றேன்.

நான் அவருக்குச் சொன்ன முதல் தவறு அந்த ஒரு சொல்தான். அவர் மேல் குற்றமில்லை. பனியன் கம்பெனியில் ஒரு பீஸில் ஓட்டை இருந்தால் அந்தப் பண்டலில் சீட்டு இருக்கும். சீட்டில் தைத்தவரின் நம்பர் இருக்கும். ஒவ்வொரு குறைக்கும் ஒரு கை உண்டு. அந்தக் கையைப் பிடித்துவிட்டால் லாட் சரியாகிவிடும். இருபத்தைந்து ஆண்டுகளாக அப்படி வேலை செய்து ஜெயித்தவர் அவர். பாலையும் அப்படியே நடத்தினார். பால் ஊற்றும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நம்பர், அவரவர் கேனில் அதே நம்பர். வேலம்பாளையத்தில் அவர் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பழைய கட்டிங் ஷெட்தான் பால் சேகரிப்பு இடம். உற்பத்தி டார்கெட் எழுதிய கரும்பலகை அங்கேயே இருந்தது. அதில் தினமும் நம்பரும் டிகிரியும் எழுதிப்போட்டோம்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டவர் மயிலாத்தாள். தறிக்காரக் குடும்பம், மகன்கள் தையல் யூனிட் வைத்திருந்தார்கள். கரும்பலகைக்கு மேலே அவர் மாட்டிய முருகன் படத்துக்குப் பூ வைக்காமல் ஒரு சொட்டுப் பால் வாங்கமாட்டார்.

பதினேழாம் எண், ஜெபமணி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து கணவனோடு பிழைக்க வந்தவர். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. இவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸைத் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. மற்றப் பெண்கள் நாட்டு ஆடு வைத்திருந்தார்கள். ஜெபமணியிடம் இருந்தவை பாலக்காட்டு வியாபாரி ஒருவரிடம் சந்தையில் வாங்கிய இரண்டு வெள்ளை ஆடுகள். சீமைக் கிடாவுக்குப் பிறந்த கலப்பு. மற்ற ஆடுகள் ஒரு செம்பு கறந்தால் இவை ஒரு குடம் கறந்தன. வந்த சில வாரங்களில் அவர் ஊற்றும் அளவு ஏறிக்கொண்டே போய், எங்கள் வேலம்பாளையம் பாலில் ஒரு பெரிய பங்கு அவருடையதாகிவிட்டது.

அந்த பையர் வெள்ளிக்கிழமை வந்து சீஸ் சாப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை தொட்டி கெட்டது. பாலை உறைய வைக்க ரெனட் என்று ஒரு நொதி ஊற்றுவோம். முக்கால் மணி நேரத்தில் பால் அல்வா மாதிரி இறுக வேண்டும். கத்தியை விட்டால் கீறல் சுத்தமாகப் பிளக்க வேண்டும். அன்று கத்தி கஞ்சிக்குள் போவதுபோல் போயிற்று. செவ்வாயும் அப்படியே.

போனில் முதலாளி கத்தவில்லை. அவர் கத்துகிறவர் அல்ல. "எந்த டேபிள்லிருந்து வருதுன்னு கண்டுபுடிங்க சார். புதன்கிழமைக்குள்ள" என்றார்.

கேன் கேனாக லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்தேன். மற்றக் கேன்களில் அது உயர்ந்தே நின்றது. பதினேழில் மட்டும் ஆழமாக இறங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நம்பர் கிடைத்துவிட்டது.

புதன்கிழமை காலை ஆறரை மணி. பெண்கள் கேன்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

"பதினேழு, உங்கள் பாலில் தண்ணீர் இருக்கிறது" என்றேன்.

ஜெபமணி பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு சிரித்தார்.

"தண்ணியா? எங்க லைன் வீட்டுல குடிக்கவே வாரத்துக்கு ஒருக்கத்தான் சார் தண்ணி வருது. அதக் கொண்டாந்து பால்ல ஊத்த எனக்கென்ன கிறுக்கா?"

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது.

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"மெஷின் பொய் சொல்லாது, நான் சொல்லுவேன். அப்படித்தான சொல்லுதிய?" சிரிப்பு போய்விட்டது. "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. நான் ஆட்டுப்பக்கமே வரல. நீங்களே கறங்க, நீங்களே அந்தக் குச்சிய விட்டுப் பாருங்க. அதுக்குப் பொறவும் இப்படித்தான்னா நான் கேட்டுக்கிடுதேன்."

எந்தப் பால்காரரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி அது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "ஒவ்வொரு வீடாக வந்து கறக்க நான் என்ன பால்காரனா?" என்றேன். இப்போதும் குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, அந்த வாக்கியம் என் குரலிலேயே எனக்குக் கேட்கும்.

மயிலாத்தாள் இடையில் புகுந்தார். அவருக்கு யாரையும் குற்றவாளியாக்கும் ஆசை இல்லை. சண்டை முடிய வேண்டும். "எதுக்குங்க சாமி வம்பு? கற்பூரத்த ஏத்தறேன். முருகன் முன்னால அணைச்சுச் சத்தியம் பண்ணீட்டுப் போகட்டும். அதோட முடிஞ்சுதுங்க."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. வயல் வரப்புத் தகராறு முதல் காணாமல்போன நகை வரை அப்படித் தீர்ந்திருக்கிறது. பொய்யாக அணைக்க யாரும் துணிய மாட்டார்கள். தட்டில் கற்பூரம் எரிந்தது. எல்லாரும் ஜெபமணியைப் பார்த்தார்கள்.

"நான் அணைக்க மாட்டேன்" என்றார்.

"ஏங் கண்ணு? அணைச்சுட்டா ஒரு பேச்சும் இல்லீல்ல?"

"நான் வேதக்காரிக்கா. எங்க சபையில சத்தியமே பண்ணக்கூடாது. உங்க சாமி மேலயும் பண்ண மாட்டேன், எங்க சாமி மேலயும் பண்ண மாட்டேன். பால் நல்ல பால். அம்புட்டுத்தான்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "கலக்காதவளுக்குக் கற்பூரத்த அணைக்க என்ன பயமாமா?"

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாலுக்கும் கற்பூரத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல அந்த ஷெட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன். சாக்பீஸை எடுத்தேன்.

எழுதிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஜெபமணி பேசினார். "சார், நானும் செக்கிங் வேலதான் பாக்கேன். ஒரு பீஸ ரிஜெக்ட்டுன்னு எடுத்துப் போடும் முன்ன உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் திருப்பிப் பாப்போம். நீங்க ஒரு பக்கந்தான் பாத்திய."

'எண் 17. பாலில் தண்ணீர். நீக்கப்பட்டார்.' அதுதான் நான் எழுதிய வரி.

வியாழக்கிழமை தொட்டியில் பால் அருமையாக இறுகியது. வெள்ளிக்கிழமை பையர் சாப்பிட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். "பாத்தீங்களா, ஆள எடுத்ததும் லாட் சரியாயிருச்சு" என்று முதலாளி என் தோளைத் தட்டினார். மற்றவர்களுக்கும் புத்தி வரட்டும், அந்த வரியை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் மற்ற நம்பர்களை அழித்து எழுதினோம். பதினேழு மட்டும் மூலையில் அப்படியே நின்றது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தொட்டி சரியானதை நான் நிரூபணமாக எடுத்துக்கொண்டேன். ஜெபமணியின் பால் இல்லாததால் தொட்டி இறுகியது என்பது உண்மை. ஜெபமணி தண்ணீர் ஊற்றினார் என்பது அதிலிருந்து வரவே வராது. பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டாலே தடுமாறக்கூடிய இந்தத் தர்க்கத்தை நான் கேள்வி கேட்கவே இல்லை.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தாக்கப் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து இதைத்தான் கேட்டேன். பாலில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு கேசீன். அதில் பல வகைகள் உண்டு. அவற்றில் ஒரு வகையை ஒரு வெள்ளாடு எவ்வளவு சுரக்கும் என்பது அதன் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த மரபணுவைப் பொறுத்தது. சில ஆடுகள் நிறையச் சுரக்கும், சில பாதி, சில ஏறக்குறைய சுரக்கவே சுரக்காது. நம் நாட்டு ஆடுகளில் பெரும்பாலும் வலுவான வடிவம். சில சீமை இனங்களில் மெலிந்த வடிவம் அதிகம். மெலிந்த வடிவம் உள்ள ஆட்டின் பாலில் புரதம் குறையும், டிகிரி இறங்கும், ரெனட் ஊற்றினால் இறுகாது. பாலில் ஒரு கெடுதலும் இல்லை. குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஜெபமணியின் இரண்டு ஆடுகளும் சீமைக் கலப்பு என்று அந்த ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் நான் வெள்ளிக்கிழமையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று. முதன்முதலில் நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஓர் அதிகாரி இருந்தார். யார் பாலாவது நீர்த்து வந்தால் வாய் திறக்க மாட்டார். மறுநாள் விடியற்காலை சைக்கிளில் அந்த வீட்டு மாட்டுக் கொட்டகைக்கே போய் நின்று, கண்முன்னால் கறக்கச் சொல்லி, அந்தப் பாலைச் சோதித்த பிறகுதான் பேசுவார். அவர் பின்னால் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். ஆக, படித்ததும் உண்டு, பார்த்ததும் உண்டு.

பதினைந்து நாள் கழித்து முதலாளி சொந்தமாக ஆட்டுப்பண்ணை வைத்தார். நிறையக் கறக்கும் ஆடுகளாகப் பார்த்து, ஜெபமணி வாங்கிய அதே பாலக்காட்டு வியாபாரியிடம் ஒரு லாரி வெள்ளை ஆடுகள் வாங்கி இறக்கினார். கரும்பலகையில் நான் எழுதிய பத்தொன்பதாம் நாள் அந்தப் பண்ணையின் முதல் பால் என் மேசைக்கு வந்தது.

லாக்டோமீட்டர் ஆழமாக இறங்கியது. பதினேழாம் எண் கேனில் இறங்கிய அதே ஆழம்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கருவியைக் கழுவினோம். வேறு கருவி எடுத்தோம். பாலின் சூட்டைப் பார்த்தோம். தீவனத்தைச் சந்தேகப்பட்டோம். போனில் சொன்னபோது, "உங்க மெஷினப் பாருங்க சார், பழசாயிருக்கும்" என்றார் முதலாளி. முதலாளியின் பாலில் டிகிரி குறைந்தபோது மெஷின் பொய் சொல்லலாம் என்பது எல்லாருக்கும் உடனே ஞாபகம் வந்துவிட்டது. யாரும் கற்பூரத் தட்டைத் தேடவில்லை.

போனை வைத்துவிட்டுக் கூடத்தின் மூலைக்குப் போனேன்.

எங்கள் கூடத்தில் உறைநிலை பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. பாலில் கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்பும்தான் பால் எந்தக் குளிரில் உறையும் என்பதை முடிவு செய்கின்றன; புரதம் கூடினாலும் குறைந்தாலும் அதில் பெரிய மாற்றம் வராது. தண்ணீர் ஊற்றினால் மட்டும் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். பண்ணைப் பாலில் தண்ணீர் உண்டா இல்லையா என்று அந்தக் கருவி அரை நாளில் சொல்லிவிடும். வாங்கிய நாளிலிருந்து அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தோம். பயன்படுத்தும் முன் சரிபார்க்க வேண்டும், நேரம் பிடிக்கும் என்பதால்.

உறையைக் கிழித்தேன். பண்ணைப் பாலில் தண்ணீர் இல்லை.

பிறகு குளிர்பெட்டியின் அடித்தட்டைத் திறந்தேன். சந்தேகமான பாலில் ஒரு புட்டி எடுத்து, மூடி, உறையவைத்துப் பாதுகாப்போம். பின்னால் தகராறு வந்தால் பார்ப்பதற்கு. பதினேழு என்று ஒட்டிய புட்டி அங்கேயே இருந்தது. ஒரு பெண் என் முகத்துக்கு நேரே நின்று தகராறு செய்துவிட்டுப் போயிருக்கிறாள். புட்டியை நான் தொடவில்லை. இப்போது எடுத்து, உருகவைத்து, சோதித்தேன்.

தண்ணீர் இல்லை.

முதலாளியிடம் நேரே போனேன். "முப்பதாம் கவுண்ட் நூலில் நிட்டிங் போடும் துணியை நாற்பதாம் கவுண்டில் போட்டால் ஜிஎஸ்எம் என்ன ஆகும்?" என்றேன்.

"கொறையுங்க."

"யாராவது நூலைத் தின்றார்களா?"

"இல்லீங்க. நூலே மெல்லிசு."

"அந்தப் பெண்ணின் ஆடும் அப்படித்தான். உங்கள் ஆடுகளும் அப்படித்தான். தாய் தகப்பன் கொடுத்த நூலே மெல்லிசு. யாரும் எதையும் ஊற்றவில்லை."

கெட்டிக்காரர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "புரிஞ்சுதுங்க" என்றார். நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப அந்தம்மாவக் கூப்புட்டுத் தனியாச் சொல்லீருங்க சார். வேணும்னா திரும்பப் பால் ஊத்தட்டும். போர்ட அழிச்சுடலாம்."

"போர்டில் எழுதிச் சொல்ல வேண்டும்."

"அதெதுக்குங்க? வர்ற பையர் எல்லாம் அந்த ஷெட்டப் பாக்கறாங்க. நம்ம லேப் தப்புப் பண்ணுச்சுன்னு நாமளே எழுதி வெக்கறதுங்களா?"

"எழுதியது போர்டில்தானே."

"சார், நல்லா யோசிச்சுக்குங்க" என்றார். பணிவாகத்தான் சொன்னார். பொருள் எனக்குப் புரிந்தது.

அன்று மாலை வேலம்பாளையத்தில் ஜெபமணியின் லைன் வீட்டுக்குப் போனேன். எதிரே காலி மனையில் ஒரு வெள்ளை ஆடு கட்டியிருந்தது. ஒன்றுதான்.

"இன்னொன்று?"

"கறியாயிட்டு" என்றார் ஜெபமணி. "தண்ணிப் பால்னு பேராயிட்டு. லைன்ல ஒருத்தரும் வாங்கல. ரெண்டுக்கும் தீனி போட முடியல. என் செக்கிங் டேபிள்ல ஒரு பீஸ குறைன்னு எடுத்து வச்சா, 'நீ மொதல்ல உன் பாலுல பாரு'ங்கான் சூப்பர்வைசர்."

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். தவறு என்னுடையது, தண்ணீர் இல்லை என்று சோதித்துவிட்டேன், ஆட்டின் ரத்தத்திலேயே அப்படி ஒரு குணம் இருக்கிறது என்று. எல்லாவற்றையும் கேட்டார்.

"வீட்டுக்கு வந்து கறந்து பாருங்கன்னு அன்னைக்குச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீர்கள்."

"அப்ப இப்பக் கறங்க."

"அம்மா, நான் வேறு வழியில்..."

"கறங்க சார். நான் ஆட்டத் தொட மாட்டேன்."

லைன் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தினேன். ஆடு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் செம்பைத் தட்டிவிட்டது. "பாத்து சார், தண்ணி சிந்துது!" என்றாள் ஒருத்தி. சிரிப்பு வெடித்தது. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. கால் செம்பு கறந்தேன். பையிலிருந்த கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, அத்தனை பேர் முன்னால் லாக்டோமீட்டரை விட்டேன். ஆழமாக இறங்கியது.

"நான் கறந்தாலும் இப்படித்தான் இருக்கிறது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஜெபமணி கேட்டார்: "நீங்க எழுதுனது எத்தன நாளு அங்க கெடந்துச்சு?"

"பத்தொன்பது நாள்."

"அப்ப இதுவும் பத்தொன்பது நாளு கெடக்கட்டும். அதே எடத்துல. உங்க கையெழுத்துல."

மறுநாள் காலை பெண்கள் வரிசையில் நிற்கும்போது பழைய வரியை அழித்துவிட்டு எழுதினேன்: 'பதினேழாம் எண் உறுப்பினரின் பாலில் தண்ணீர் இல்லை. சோதித்தவன் செய்தது தவறு.' கீழே என் பெயர். அடுத்த நாள் அழிந்திருந்தது. மீண்டும் எழுதினேன். மீண்டும் அழித்தார்கள். ஐந்தாம் நாள் சீஸ் யூனிட்டில் என் மேசை காலி செய்யப்பட்டிருந்தது. முதலாளி நேரில் வரவில்லை. மேனேஜர் வந்து, "சார், உங்களுக்கும் வயசாயிருச்சுங்க, ரெஸ்ட் எடுங்க" என்றார்.

ஆறாம் நாளும் டவுன் பஸ் பிடித்து ஷெட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே நிற்க உரிமை இல்லை. மயிலாத்தாள் வாசலில் இருந்தார். என்னைத் தடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது அவருக்கு. சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"எழுதுங்க சாமி. இன்னிக்கு எவன் அழிக்கறான்னு நானும் பாக்கறேன். கற்பூரத்தக் கொண்டாந்தது நானுந்தானுங்களே."

அன்றிலிருந்து அந்த வரி அழியவில்லை. ஆனாலும் நான் தினமும் போனேன். எழுத்து மங்கிய இடத்தில் மேலே எழுதிவிட்டுத் திரும்புவேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு நாளில் செய்த அநியாயத்துக்குப் பத்தொன்பது நாள் அதிகம் என்று எனக்குப் படவில்லை.

பத்தொன்பதாம் நாள் பால் நேரத்தில் ஜெபமணி வந்தார். கையில் கேன் இல்லை. வரிசை விலகி வழிவிட்டது. கரும்பலகை முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். கையை நீட்டி என்னிடமிருந்து சாக்பீஸை வாங்கினார். 'பதினேழாம் எண் உறுப்பினரின்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'ஜெபமணியின்' என்று எழுதினார்.

"நம்பருக்கு ஒண்ணும் ஆகல சார். போனது என் பேரு."

"கண்ணு, நாளையிலிருந்து பால் கொண்டா. முதலாளியே சொல்லீட்டாரு" என்றார் மயிலாத்தாள்.

"அவரு சொல்லுவாருக்கா. அவரு ஆடும் இதத்தான கறக்குது" என்று சொல்லிவிட்டு ஜெபமணி போய்விட்டார். வரிசையில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும்.

இவ்வளவு செய்தும் கறியான ஆடு திரும்பி வரவில்லை. அதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கூடத்தில் உறைநிலைக் கருவிக்கு உறை போட்டிருந்தால் இன்றைக்கே கிழித்துவிடுங்கள். நேரமில்லை என்று உங்கள் மேலதிகாரி சொன்னால், நேரமில்லாமல் நான் எழுதிய வரியைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். வேலை போகும் என்பீர்கள். எனக்கும் போயிற்று. சோற்றுக்கு ஒன்றும் குறையவில்லை.

ஓராண்டு கழித்து ஒரு காலை வேலம்பாளையம் வழியாகப் போக வேண்டியிருந்தது. லைன் வீட்டு எதிர் மனையில் இப்போது மூன்று வெள்ளை ஆடுகள் நின்றன. ஒன்று பழையது; இரண்டு அதன் குட்டிகள். வாசலில் ஏழெட்டுப் பேர் செம்பும் டம்ளருமாக நின்றிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு வடநாட்டுப் பெண்ணும் இருந்தாள். கதவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்று மாட்டியிருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது:

'ஜெபமணி ஆட்டுப்பால். தண்ணி மாதிரி இருக்கும். தண்ணி இல்ல.'

திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். பிறகு பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்தது. ஜெபமணி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குச்சி கொண்டாந்திருக்கியளா சார்?"

"இல்லை."

"அப்ப டம்ளர நீட்டுங்க."